காய்ச்சல் விட்ட பிறகு எடுக்கும் ரத்தம்

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்தார். நான் ரத்தத்துக்குச் சாயம் தோய்த்தேன். கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு அப்போது அரிது. வாசலில் கொடி கட்டி, சிவப்பும் பச்சையுமாக நூல் காய்ந்துகொண்டிருக்கும். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீலக்கறை படிந்த விரல்களோடு வீட்டுக்கு வந்தேன். பாட்டி கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்கா இவ்வளவு படிச்சே? இந்த வேலை நம்ம வீட்டுலயே இருந்துச்சேடா!”

பாட்டி கேலியாகச் சொன்னது சரித்திரப்படி உண்மை. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவன், நிலக்கரித் தாரிலிருந்து பிரித்த பொருளைக் கொண்டு மலேரியா மருந்தான குவினைன் செய்து பார்க்க முயன்றான். குவினைன் வரவில்லை, ஊதா நிறச் சாயம் வந்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கேதான் காலூன்றியது. இருபது வருஷம் கழித்து, 1876-இல், ஹைன்ரிஷ் காரோ ஜெர்மனியில் மெத்திலின் நீலத்தைத் துணிச் சாயமாகச் செய்தார். 1891-இல் பால் எர்லிக்கும் குட்மனும் பெர்லினில் இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு அந்த நீலத்தையே மருந்தாகக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். அதே வருஷம் ரஷ்யாவில் ரோமனோவ்ஸ்கி, நீலத்தோடு இயோசின் என்ற சிவப்பைச் சேர்த்து, கிருமியின் உடல் நீலமாகவும் உட்கரு சிவப்பாகவும் தெரியும்படி செய்தார். மலேரியாவுக்கு மருந்து தேடப் போன இடத்தில் சாயம் பிறந்தது. அந்தச் சாயத்தின் வம்சம்தான் கிருமியைக் கண்ணுக்குக் காட்டியது. அப்பாவின் அண்டாவும் என் கண்ணாடிப் பாத்திரமும் பங்காளிகள்.

மலேரியாவின் வரலாற்றில் கொசுவைப் பிடித்தவர் பெயர் இருக்கிறது, மருந்து செய்தவர் பெயர் இருக்கிறது, டி.டி.டி. கொசுமருந்து தெளித்த கதை இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் அரைவரிகூடப் பெறாத ஒரு வேலையைப் பற்றி. மாத்திரை தின்று, காய்ச்சல் விட்டு, தறியில் உட்கார்ந்துவிட்ட ஆளைத் தேடிப் போய், மறுபடி விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் வேலை. ஊரை விட்டு மலேரியா போனதும், போன இடத்திலிருந்து திரும்பி வந்ததும், இந்த வேலையை யார் ஒழுங்காகச் செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் என்பது என் கட்சி.

*

காய்ச்சலுக்கு எங்கள் ஊரில் பழைய வைத்தியம் குளத்தில் இருக்கிறது. ரிஷியின் சாபத்தால் உடம்பெல்லாம் எரிந்த எமன், ஐராவதேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் மூழ்கி எரிச்சல் தீர்ந்தான் என்பது தலபுராணம். அதனால் அது எமதீர்த்தம். காஞ்சிபுரத்தில் சுரம் போக்கும் சுரஹரேஸ்வரருக்குத் தனிக்கோயிலே உண்டு. குளிர் எடுத்து, கொதித்து, வேர்த்து அடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை தவறாமல் வந்ததால் முறைக்காய்ச்சல் என்றார்கள். சாமிக்கு நேர்ந்துகொண்டாலும் நிலவேம்புக் கஷாயம் குடித்தாலும், காய்ச்சல் உண்மையிலேயே போய்விட்டதா, பதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வழி கிடையாது.

வெள்ளைக்கார டாக்டர்களுக்கும் முதலில் வழியில்லை. 1840-களில் வட இந்தியாவில் யமுனைக் கால்வாய்ப் பாசனம் காய்ச்சலைப் பரப்புகிறதா என்று விசாரித்த குழுவில் இருந்த டாக்டர் டெம்ப்ஸ்டர், கிராமம் கிராமமாகப் போய் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியவர்களை எண்ணினார். நல்ல உத்திதான். ஆனால் மண்ணீரல் பழைய கணக்கைச் சொல்லும். காய்ச்சல் போய் மாதக்கணக்கான பிறகும் வீக்கம் இருக்கும். இன்றைய கணக்கைச் சொல்வது ரத்தம் மட்டும்தான்.

1880 நவம்பர் 6-ஆம் தேதி, அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் ராணுவ ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு டாக்டர் லாவரான், சாயம் ஏற்றாத பச்சை ரத்தத்தில் கிருமி நெளிவதைக் கண்டார். அப்புறம் அவர் 192 நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்ததில் 148 பேரிடம் கிருமி இருந்தது. அதோடு விடவில்லை. குவினைன் கொடுத்த பிறகும் ரத்தம் பார்த்தார், கிருமிகள் மறைந்திருந்தன. இவைதான் நோய்க்குக் காரணம் என்று அவர் வாதாடியதற்கு அது பெரிய பலம். ஆக, மருந்துக்குப் பின் எடுக்கும் ரத்தம் மலேரியாக் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே கூட வருகிறது. ரோனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டது 1897-இல். ஒரு சொட்டு ரத்தத்தைக் கனமாகத் தடவிப் பார்த்தால் கொஞ்சமாக இருக்கும் கிருமியும் அகப்படும் என்று 1903-இல் வழிகாட்டியவரும் அவர்தான். எங்கள் தொழில் இன்றைக்கும் அந்தக் கனத்த தடவலில்தான் நடக்கிறது.

*

தஞ்சாவூர் ஜில்லா என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் கொசு, கொசு என்றால் மலேரியா என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பழைய டெல்டா அப்படியில்லை. அரசலாறும் குடமுருட்டியும் பாயும் எங்கள் பக்கத்தில் நூற்றாண்டுகளாக நெல் விளைந்தது. மலேரியா அரிதாகவே இருந்தது. அது ஜில்லாவின் தெற்கே, தண்ணீர் இல்லாமல் கிடந்த பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தண்ணீரோடு வந்து சேர்ந்தது.

1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறந்தது. கல்லணைக் கால்வாய் வெட்டி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் சீமைக்குக் காவிரியைக் கொண்டுபோனார்கள். எங்கள் ஜனங்கள் அதைப் புதுஆறு என்பார்கள். மேட்டு நிலம் நஞ்சையானது. கூடவே காய்ச்சலும் வந்தது. ராக்பெல்லர் பவுண்டேஷனின் பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் பட்டுக்கோட்டையில் ஆய்வுக்களம் அமைத்து இறங்கினார். இந்தியப் பூச்சியியலாளர்கள் கூட இருந்தார்கள், டி. ராமச்சந்திர ராவ் அவர்களில் ஒருவர்.

அவர்கள் கண்டது நெல் விவசாயிக்கு ஆச்சரியமான விஷயம். அந்தப் பக்கத்தில் மலேரியா பரப்பிய அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு, வளர்ந்து நெருங்கிய பயிருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீர்ப் பரப்பின் மேல் தாழப் பறந்து ஆடி முட்டையிடும் ஜாதி அது. பயிர் ஒரு அடி உயர்ந்தால் ஆட இடமில்லை. பயிருக்குப் பதிலாகக் குச்சிகளை நட்டுவைத்தும் சோதித்தார்கள், அப்போதும் முட்டையிடவில்லை. தப்பு நெல்லின் மேல் இல்லை. கரைக்கு மண் எடுத்துவிட்டு மூடாமல் போன குழி, கால்வாய்க் கசிவு, வடிகால் இல்லாமல் தேங்கிய தரிசு, நடவு முடிந்த முதல் சில வாரங்களின் வெட்டவெளித் தண்ணீர், இவைதான் கொசுவின் தொட்டில். வயலுக்குத் தண்ணீரை ஓயாமல் கட்டாமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் கொசுப் புழு முற்றுவதற்குள் வயல் காய்ந்துவிடும் என்று 1942-இல் எழுதினார்கள். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் காசாங்காட்டில், செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரித்ரம் மருந்தை வீட்டுக்குள்ளே பீய்ச்சி, வளர்ந்த கொசுவைக் கொன்று மலேரியாவைக் குறைத்துக் காட்டினார்கள். டி.டி.டி. நம் நாட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்தது அது.

*

சுதந்திரம் வந்த சமயத்தில் நாட்டில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் பேர் சாவு என்பது சர்க்கார் கணக்கு. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1958-இல் ‘கட்டுப்பாடு’ போய் ‘ஒழிப்பு’ ஆயிற்று. அந்தக் காலத்து ஆட்களிடம் நான் தொழில் கற்றேன். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போவது, “காய்ச்சல் யாருக்காவது வந்துச்சா?” என்று கேட்பது, வந்திருந்தால் ரத்தம் எடுப்பது, பெரியவர்களுக்குக் கையோடு நாலு குளோரோகுயின் மாத்திரை கொடுப்பது, சுவரில் தேதி எழுதுவது.

ரத்தம் எடுப்பதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. இடது கை மோதிர விரலைத் துடைத்துக் காயவிட்டு ஒரே குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த மூன்று நான்கு சொட்டைச் சேர்த்துக் கனத்த தடவல்; பக்கத்தில் ஒரு சொட்டை இழுத்து மெல்லிய தடவல். கனம் சரியா என்று பார்க்க, ஈரச் சிலைடைச் செய்தித்தாள் மேல் வைக்கச் சொல்வார்கள். அடியிலிருக்கும் எழுத்து மட்டாகப் படிக்க வரவேண்டும். மெல்லிய தடவலின் மேலேயே பென்சிலால் நம்பர். அப்புறம் காவல் காக்க வேண்டும்: எறும்புக்கும் ஈக்கும் கரப்பானுக்கும் ரத்தம் பிடிக்கும், சிலைடைச் சுத்தமாகத் தின்றுவிடும். ஐப்பசி அடைமழையில் தடவல் காயவே காயாது.

சாயத்துக்கு எங்களிடம் இருந்தது ஜே.எஸ்.பி. ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இருவர் 1944-இல், போர்க்காலத்தில், நம் நாட்டிலேயே செய்த சாயம். அவர்கள் பெயரெழுத்துதான் அது. நீலத்தில் ஒரு முக்கு, இயோசினில் ஒரு முக்கு, நடுவே தண்ணீர்க் கழுவல். நிமிஷத்தில் முடியும். லட்சக்கணக்கில் சிலைடு பார்க்கும் தேசத்துக்கு அந்த வேகம் வேண்டியிருந்தது. கனத்த தடவலில் மைக்ராஸ்கோப்பின் நூறு களம் பார்த்து ஒன்றும் இல்லையென்றால்தான் நெகட்டிவ் என்று எழுதலாம். எண்பதில் கண் வலித்து நிறுத்தினால் அது நெகட்டிவ் ஆகாது.

பாசிட்டிவ் வந்தவருக்கு முழுச் சிகிச்சை முடிந்த பிறகு தொடங்குவதுதான் நான் சொல்லும் வேலை. மாதம் ஒரு முறை, ஒரு வருஷம் வரை, அவர் ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னது ஒழிப்புத் திட்டம். பேப்பரில் எளிது, தெருவில் கஷ்டம். காய்ச்சல்காரன் கையை நீட்டுவான். சுகமானவன் ஏன் நீட்டுவான்?

1960-களின் நடுவில் நாட்டின் மொத்த மலேரியா வருஷத்துக்கு ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. நோய் குறைந்ததும் அக்கறையும் குறைந்தது. கொசு டி.டி.டி.க்குப் பழகியது, மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, ஆட்கள் போதவில்லை, எடுத்த சிலைடுகள் பார்க்க ஆளில்லாமல் பெட்டியிலேயே கிடந்தன. சிலைடைப் பார்த்து முடிவு சொல்வதற்குள் அந்த ஆள் பத்துப் பேருக்குக் கொடுத்திருப்பான். 1976-இல் கணக்கு 64 லட்சத்தைத் தாண்டியது. இலங்கையின் கதை இதைவிட உறைப்பு. 1963-இல் தீவு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. கண்காணிப்பு தளர்ந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோய் லட்சக்கணக்கில் திரும்பியது. அவர்கள் பாடம் படித்தார்கள். பிறகு ஒவ்வொரு நோயாளியையும் தொடர்ந்து பார்த்து, உள்ளூர்த் தொற்றைக் கடைசியாக 2012 அக்டோபரில் பதிந்து, 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கினார்கள்.

*

மருந்து தின்றவனின் ரத்தத்தில் என்ன தெரியும்? ஒன்று, மருந்து வேலை செய்ததா என்பது. இருநூறு வெள்ளணுவுக்கு எத்தனை கிருமி என்று எண்ணி வைத்துக்கொண்டால், மூன்றாம் நாள் அந்த எண்ணிக்கை சரிந்திருக்க வேண்டும். 1973-இல் அஸ்ஸாமின் கார்பி ஆங்லாங் பகுதியில் குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி இந்தியாவில் முதன்முதலாக வெளிப்பட்டது இப்படிப் பின்தொடர்ந்து பார்த்ததால்தான். 28 நாள் வரை குறித்த நாட்களில் ரத்தம் பார்த்துத் தரம் பிரித்தார்கள்: மறைந்து, மறைந்தே இருந்தால் மருந்துக்கு அடங்கியது, மறைந்து மீண்டும் வந்தால் முதல் நிலை எதிர்ப்பு, குறைந்தும் மறையாவிட்டால் இரண்டாம் நிலை, குறையவே இல்லையென்றால் மூன்றாம் நிலை. இந்தச் சிலைடுகள் சேர்த்துக் கொடுத்த சாட்சியத்தின் மேல்தான் 2010 வாக்கில் ஃபால்சிபாரத்துக்கு நாடு முழுவதும் குளோரோகுயினை நிறுத்தி, ஆர்ட்டிசுனேட் கூட்டு மருந்துக்கு மாறினார்கள்.

இரண்டாவது, தெரிவதைச் சரியாகப் படிப்பது. எங்கள் பக்கம் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒருவருக்கு ஃபால்சிபாரம். மருந்து முடிந்தது, ஆள் மூட்டை தூக்குகிறார். பின்தொடர் சிலைடில் பிறை பிறையாகக் கிருமி. புது டாக்டர் பதறினார்: “மருந்து கேக்கலையா?” கேட்டிருக்கிறது. காய்ச்சல் தரும் வட்டக் கிருமி ஒன்றுகூட இல்லை. பிறை என்பது கொசுவுக்குள் போய் இணையக் காத்திருக்கும் ஆண் பெண் வடிவம். முற்றிய பிறையைக் குளோரோகுயின் தொடாது. அதற்கு ஒரே வேளை பிரைமாகுயின். நோயாளிக்குப் பிறையால் தொல்லையில்லை, தெருவுக்குத்தான் தொல்லை.

மூன்றாவது, வைவாக்ஸ் என்ற இன்னொரு ஜாதி மலேரியாக் கிருமி. சென்னையில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் ஸ்டெஃபென்ஸி கொசு தரும் மலேரியா பெரும்பாலும் இந்த ஜாதிதான். அங்கே வேலைக்குப் போய்வருகிறவர்களோடு அது எங்கள் தெருவுக்கும் வந்தது. அப்படி வந்த பையன் ஒருவன் மூன்று நாள் குளோரோகுயினில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஏழாம் நாள் சிலைடு சுத்தம். அடுத்த மாதம் போனேன். அவன் அம்மா வாசலில் நின்றுகொண்டு, “அதான் காய்ச்சல் விட்டுப்போச்சே சார், நல்லா இருக்குற புள்ளைய எதுக்குக் குத்துறீங்க?” என்றார். “தம்பி, அந்தச் சின்ன மாத்திரையை முடிச்சியா?” என்று அவனைக் கேட்டேன். வெறும் வயிற்றில் போட்டு வயிறு எரிந்ததாம், பாதியில் விட்டுவிட்டான். அறுவடைக்குள் அவனுக்கு மறுபடி குளிர் எடுத்தது. சிலைடில் அதே வைவாக்ஸ்.

அந்தச் சின்ன மாத்திரை பிரைமாகுயின். வைவாக்ஸ் கல்லீரலில் தூங்கும். கிருமிக்குக் கல்லீரலில் ஒரு வாழ்க்கை உண்டு என்று 1948-இல் லண்டனில் கண்டவர்கள் ஷார்ட்டும் கார்ன்ஹாமும். அந்த ஷார்ட் 1930-களில் நம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநராக இருந்தவர். தூங்கும் வடிவத்தையே 1980-களின் தொடக்கத்தில் குரோட்டோஸ்கி குழுவினர் காட்டினார்கள். தூங்குவது ரத்தத்தில் தெரியாது. விழித்து இறங்கிய பிறகுதான் என் கண்ணுக்கு அகப்படும். அதனால்தான் ஒரு சிலைடோடு முடியாமல் மாதாமாதம் எடுக்க வேண்டியிருக்கிறது. முன்பு ஐந்து நாள் கொடுத்த பிரைமாகுயினை இப்போது பதினான்கு நாள் கொடுக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணு உடைந்து சிறுநீர் கறுக்கும். கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது.

கும்பகோணத்து ஜனங்களுக்கு ரத்தம் கொடுப்பது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் சொந்த வியாதி யானைக்கால். அதைத் தரும் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் மேல்ரத்தத்துக்கு வரும் என்று 1870-களின் கடைசியில் சீனாவில் பேட்ரிக் மேன்சன் கண்டார். ஆகவே எங்களுக்கு ராத்திரி எட்டரைக்கு மேல் டார்ச்சும் சிலைடுமாக இன்னொரு சுற்று. தூக்கத்தில் எழுப்பினாலும் விரலை நீட்டிய ஜனம்தான் இது. வீங்கிய கால் எதிர்வீட்டில் கண்முன் நடமாடியது. மலேரியா காய்ச்சல் விட்டதும் மறைந்துவிடுகிறது. அதனால் பகலில் கெஞ்ச வேண்டியிருந்தது.

*

இப்போது கால் மணி நேரத்தில் கோடு காட்டும் ரேபிட் கார்டு வந்திருக்கிறது. கரண்ட் இல்லாத ஊரிலும் வேலை செய்யும்; நல்ல கருவி. ஆனால் குணமானதா என்று பார்க்க அது உதவாது. ஃபால்சிபாரம் கார்டு தேடுவது கிருமி வெளியிட்ட புரதத்தை. கிருமி செத்தாலும் அந்தப் புரதம் சில வாரங்கள் ரத்தத்தில் சுற்றும். செத்த கிருமிக்கும் கோடு விழும். பி.சி.ஆர். சோதனை மிக நுணுக்கமாகப் பார்க்கும். பழைய கிருமியே திரும்பி வந்ததா, புதிதாகக் கடி வாங்கினாரா என்று பிரிக்கவும் உதவும். ஆனால் அதற்குப் பெரிய லேப் வேண்டும். மருந்துக்குப் பின் உயிரோடு ஏதாவது இருக்கிறதா என்று தாலுகா அளவில் சொல்ல இன்றும் மைக்ராஸ்கோப்பும் பழகிய கண்ணும்தான்.

அந்தக் கண்தான் இப்போது அருகி வருகிறது. கும்பகோணம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட தாராசுரத்தில் உள்ளூரில் தொற்றிய மலேரியாவைப் பார்ப்பது அபூர்வம். புதுப் பிள்ளைகள் பாசிட்டிவ் சிலைடைப் பயிற்சி வகுப்பில்தான் பார்க்கிறார்கள். இந்தியா 2027-க்குள் உள்ளூர்த் தொற்றை நிறுத்தி, 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாகச் சொல்லியிருக்கிறது. சான்றிதழ் வாங்க மூன்று வருஷம் தொடர்ந்து உள்ளூர்த் தொற்று இல்லை என்று காட்ட வேண்டும். நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது ஒருவரைத் தவறவிட்டால் கணக்கில் தெரியாது. நான்கைந்து பேர் மட்டும் இருக்கும்போது தவறவிடும் ஒருவர்தான் அடுத்த வருஷத்து நோய்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் பதிவேட்டைத் திறந்தால் முதலில் பின்தொடர் சிலைடுக் கட்டங்களைத்தான் பார்ப்பார். ஆள் ஊரில் இல்லை, கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், நல்லாத்தான் இருக்கிறார் என்று எத்தனை காரணம் சொன்னாலும் அவர் விதி ஒன்றுதான்: எடுக்காத சிலைடுக்கு எதிரே நெகட்டிவ் என்று எழுதக் கூடாது, கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நாளைக்கு மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.